உடல் யாருடையது?



எழுபது வயதைக் கடந்துவிட்ட ஓர் ஆசிரியைக்கு, மாணவர்கள் கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவை மறந்து போயிருக்கும். சரியாக விடை கூறிய கேள்விகள் விரைவில் மறந்துவிடுகின்றன. தவறாக விடை கூறிய கேள்விகளோ மறப்பதில்லை. அத்தகைய கேள்வி ஒன்றைப் பற்றியும், அதற்கு நான் அளித்த தவறான விடை முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் என் குடும்பத்திலேயே என்ன செய்தது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். இதனை அறிவுரையாகக் கொள்ளாமல், ஒரு மூதாட்டியின் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

நெல்லிவாசல்நாட்டு வகுப்பறை

1978ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், சவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டிற்கு மாற்றப்பட்டேன். அன்று அது வட ஆர்க்காடு மாவட்டம். பின்னர் வேலூர் மாவட்டமாயிற்று. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று 'நாடு' என்ற பெயராலேயே ஊர்த்தொகுதிகள் வழங்கும் மலை அது. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சாமை விளைவிப்பார்கள், புளியும் தேனும் பலாவும் கீழ்நாட்டுச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். பேருந்து சென்ற இடம் வரை பேருந்தில் சென்று, அதற்கு மேல் நடந்தே பள்ளியை அடைவேன்.

ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில், நயினார் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கத்தை மலைக்குப் போனபோதும் விடவில்லை. பள்ளியில் சமையல் செய்த அம்மையார் அதனை அறிந்தபின், மற்றவர்க்கு அடுப்பு மூட்டுமுன்னே எனக்கெனத் தனிப்பானையில் சாமைச் சோறு வடித்து, வெயில் இருக்கும்போதே கொண்டுவந்து வைப்பார். "உங்க சாமி இருட்டுல சாப்பிட வேணாம்னு சொல்லியிருக்குதாமே, சீக்கிரம் சாப்பிடுங்க டீச்சர்" என்பார். அவர் வீட்டில் புலால் உண்பார்கள். அந்தப் பானையில் அவர் புலால் சமைத்ததே இல்லை. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் மனித உடல் பற்றிய பாடம். துணியில் அச்சிட்ட விளக்கப்படத்தை ஆணியில் மாட்டி, குச்சியால் ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் காட்டினேன். இது இரைப்பை, இது நுரையீரல், இது கல்லீரல், இவை சிறுநீரகங்கள். பாடம் முடிந்தது. "யாருக்கேனும் ஐயம் உண்டா?" என்று பயிற்சிப் பள்ளியில் கற்ற முறைப்படி கேட்டேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், இதிலே உயிர் எது?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் எண்ணியும் பார்க்கவில்லை. குச்சியை இதயத்தின் மேல் வைத்து, "இதுதான். இது துடிக்கும் வரை உயிர் இருக்கிறது" என்றேன். சிறுமி அமர்ந்துவிட்டாள். மணியும் அடித்தது.

உடலின் ஊழியம்

அன்று நான் கூறியிருக்க வேண்டியது என்ன என்பதைப் பார்ப்பதற்கு முன், அந்தத் துணிப்படத்தில் இருந்தவற்றைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம்.

நாம் உண்ட உணவு இரைப்பையில் கூழாகி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் வழியே செல்லும்போது சத்துகள் இரத்தத்தில் சேர்கின்றன. சேர்ந்தவை நேராக உடலெங்கும் செல்வதில்லை. பெரும்பகுதி முதலில் கல்லீரலைச் சென்றடைகிறது. அது தணிக்கை அதிகாரியைப் போல, வேண்டியதை வைத்து, நஞ்சை முறித்து, மிகுந்ததைச் சேமித்து, பின்னரே மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களினூடே உயிர்வளி இரத்தத்தினுள் புக, கரியமிலவாயு வெளியேறுகிறது. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடித்து, நிமிடத்திற்கு ஐந்து லிட்டர் அளவில் இரத்தத்தைச் செலுத்துகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டி, ஏறக்குறைய அனைத்தையும் இரத்தத்திற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் பெறும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. நான்கைந்து நிமிடங்கள் உயிர்வளி வராவிடில் அதன் உயிரணுக்கள் மீளாத கேட்டினை அடையத் தொடங்குகின்றன.

இவற்றுள் எந்த உறுப்பும் தனக்காக மட்டும் உழைப்பதில்லை. பெருந்தமனியிலிருந்து பிரியும் முதற்கிளைகள் இதயத்திற்கே திரும்பி வருகின்றன என்பது உண்மையே. ஆயின் இதயம் தன் உழைப்புக்கு வேண்டிய அளவைக் கொள்கிறதேயன்றி, தன்னிடம் இரத்தத்தைப் பதுக்கி வைப்பதில்லை. மற்றவற்றின் நலம் கருதாமல் தன்னை மட்டும் பெருக்கிக் கொள்ளும் அணுக்கூட்டம் உடலில் தோன்றுவதும் உண்டு. அதற்குப் புற்றுநோய் என்று பெயர். மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் விரதத்தை, ஓதாமலே கடைப்பிடிக்கும் பள்ளியாக உடல் இருக்கிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் நிற்பதே அவற்றின் இயல்பு எனத் தத்துவார்த்த சூத்திரம் உரைப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இதயம் பற்றிய உண்மை ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. இதயம் துடிக்க மூளையின் ஆணை தேவையில்லை. அதன் வலது மேலறையில் உள்ள சிறு கணு ஒன்று தானே மின்துடிப்பை எழுப்புகிறது. உயிர்வளி வந்துகொண்டிருக்கும் வரை அது துடிக்கும். மூச்சு அப்படிப்பட்டதன்று. மூளையின் அடியில், தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் உள்ள மூளைத்தண்டு ஆணையிட்டால்தான் மார்புத் தசைகள் இயங்கி மூச்சு நிகழும். மூளைத்தண்டு அழிந்தால் மூச்சு நிற்கும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். இதுவே இயற்கையின் வரிசை. செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின் இவ்வரிசை முறிந்தது. மூளைத்தண்டு அழிந்தவரின் நுரையீரலுக்குள் கருவி காற்றைச் செலுத்துகிறது. ஆதலின் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது. உடல் சூடாக இருக்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. பார்ப்பவர்க்கு அவர் உறங்குவது போலவே தோன்றும்.

நான் கூறிய விடை திரும்பி வந்தது

2012ஆம் ஆண்டில் என் தம்பியின் மகன் இருசக்கர வாகனத்தில் சென்றபோது விபத்துக்குள்ளானான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. தலைக்கவசம் வண்டியின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மூன்றாம் நாள் மருத்துவர்கள் எங்களை அழைத்து, மூளைத்தண்டு செயலிழந்துவிட்டது என்றும், சட்டம் கூறும் சோதனைகளை இருமுறை செய்து உறுதிப்படுத்திவிட்டதாகவும் பொறுமையாக எடுத்துக் கூறினார்கள். பின்னர் தாழ்ந்த குரலில், விருப்பமிருந்தால் உறுப்புகளைத் தானமாக அளிக்கலாம் என்றார்கள். வற்புறுத்தவில்லை.

தம்பி மகனின் கையைப் பிடித்துப் பார்த்தான். நாடி துடித்தது. உறவினர்கள் பலவாறு பேசினர். 'நம் அறத்துக்கு ஒவ்வாது' என்றார் ஒருவர். 'கொடுத்தால் புண்ணியம்' என்றார் மற்றொருவர். தம்பி என்னைப் பார்த்தான். குடும்பத்தில் படித்தவள் நான். அறிவியல் கற்பித்தவள் நான். "அக்கா, நீ சொல்லு" என்றான்.

"இதயம் துடிக்கிறதே, தம்பி" என்றேன்.

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றது. எதுவும் யாருக்கும் பயன்படவில்லை. ஊருக்கு எடுத்து வந்து எரியூட்டினோம்.

அன்றிரவு எனக்கு நெல்லிவாசல்நாட்டுச் சிறுமியின் முகம் தோன்றியது. அவளுக்கு எண்ணாமல் கூறிய விடையையே, எண்ண வேண்டிய நேரத்திலும் எண்ணாமல் கூறியிருக்கிறேன். நான் மறுத்ததே தவறு என்று இங்கே கூற வரவில்லை. ஆராய்ந்து மறுத்திருந்தால் அது ஒரு முடிவு. நான் ஆராயவில்லை. நற்காட்சியை முதலில் வைத்த சமயத்தில் பிறந்தவள், காணாமலே தீர்ப்புக் கூறினேன். அதுவே என் பிழை. அதன்பின் இத்தனை ஆண்டுகளாக ஆராய்ந்தவற்றைக் கீழே தருகிறேன்.

உயிர் நீங்கியதா?

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவாக ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதினுள் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் விழி நகர்கிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் எழுகிறதா, இறுதியாகக் கருவியை நிறுத்தி உயிர்வளியை மட்டும் அளித்துக் காத்திருந்தால் தானாக ஒரு மூச்சேனும் எழுகிறதா என்று பார்ப்பர். ஆழ்ந்த மயக்கநிலை வேறு, இது வேறு. நினைவிழந்து ஆண்டுக்கணக்கில் கிடப்பவர் தாமே மூச்சு விடலாம், அவர் உயிருள்ளவர். அவரைப் பற்றிய பேச்சே இங்கு இல்லை.

நம் ஆகமம் உயிர்வாழ்வின் அடையாளங்களாகப் பத்துப் பிராணங்களைக் கூறுகிறது. ஐம்பொறிகள், மனம், சொல், உடல் என்னும் மூன்றன் வலிமை, மூச்சு, ஆயு என்பன அவை. இதனைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். ஆயினும் இதயத் துடிப்பு என்று தனியே ஒன்று அப்பட்டியலில் இல்லை என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். மூச்சு இருக்கிறது; துடிப்பு இல்லை. வகுப்பறையில் நான் குச்சியை வைத்த இடத்தில் நம் முன்னோர் விரலை வைக்கவில்லை.

இதனைக் கொண்டு, 'பார்த்தீர்களா, இன்றைய மருத்துவத்தை ஆகமம் அன்றே கூறிவிட்டது' என்று முழங்குதல் முறையன்று. செயற்கைச் சுவாசக் கருவியை அறியாத காலத்தில் எழுந்த நூலின் வாயில் நம் விருப்பத்தைத் திணிக்கலாகாது. தவிரவும், வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓரறிவுயிர்க்கு நான்கு பிராணங்களே உள்ளன. தொடு உணர்வு, உடல் வலிமை, மூச்சு, ஆயு. அவ்வளவில் அது உயிர் என்றே நாம் அஞ்சி நடக்கிறோம். அங்ஙனமாயின், மூளைத்தண்டு அழிந்தவரிடம் எஞ்சியுள்ளதை எவ்வாறு சாவு எனலாம்? இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. தொடு உணர்வுக்கு மறுமொழி இல்லை. மூச்சு அவருடையதன்று, கருவியினுடையது. தசையை இயக்கும் ஆணை இல்லை. எஞ்சுவது ஆயு ஒன்றே. ஆயு முடிந்த கணத்தைக் காட்டும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை. கேவலி ஒருவரே அதனை அறிவார். இல்லறத்தார் தம் அறிவுக்கு எட்டிய அளவில், கிடைத்த சான்றுகளை நேர்மையாக ஆராய்ந்து நடக்கக் கடமைப்பட்டவர். சான்றுகள் போதும் என்று இன்று நான் கருதுகிறேன். போதா என்று ஆராய்ந்து கருதுவோரை நான் குறைகூற மாட்டேன். அவர்க்கும் கண்தானம் என்னும் வழி உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

உடலை அறுப்பது இம்சை ஆகாதா?

உயிர் நீங்கும்போது, நாம் காணும் ஔதாரிக உடல் இங்கேயே விடப்படுகிறது என்றும், உயிரோடு செல்பவை தைஜச, கார்மண உடல்களே என்றும் நாம் நம்புகிறோம். நீங்கிய உயிர் காலம் தாழ்த்தாமல் அடுத்த பிறவியை அடைகிறது. அது தன் பழைய உடலைச் சுற்றி வந்து வருந்துவதில்லை. ஆதலின் விடப்பட்ட உடலை அறுப்பதால் நீங்கிய உயிர்க்குத் துன்பம் இல்லை. 'கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பர்' என்று நம் வீடுகளிலும் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். பிறவியை அமைப்பது வினை. விட்டுச்சென்ற உடலின் கணக்கன்று. உடலை எரிக்கும்போது கண்ணும் எரிகிறதே! எரித்த கண் மீளுமானால் கொடுத்த கண்ணும் மீளும்.

வேறொரு மறுப்பு கவனிக்கத் தக்கது. பிணத்தில் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்கள் விரைந்து தோன்றிப் பெருகும். ஆதலின் உடலை வைத்திராமல் விரைவில் எரியூட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். உறுப்புத் தானம் இதற்குத் தடை ஆகாதா? உறுப்புகளை எடுப்பது இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அழுகல் தொடங்குமுன் நடப்பது. எடுத்த இதயத்தை நான்கு மணி நேரத்திற்குள்ளும், கல்லீரலைப் பன்னிரண்டு மணி நேர அளவிலும், சிறுநீரகத்தை ஒரு நாள் அளவிலும் மற்றொருவருக்குப் பொருத்த முயல்வார்கள். கருவிழிப் படலத்தை எடுக்கச் சில நிமிடங்களே போதும். உறவினர் வந்து சேர்வதற்காக நாமே உடலைக் குளிர்ப்பெட்டியில் ஒரு பகல் ஓர் இரவு வைத்திருக்கிறோம். மகன் வெளிநாட்டிலிருந்து வரும் வரை காத்திருக்க இயலுமானால், பார்வையிழந்த ஒருவருக்காகச் சிறிது நேரம் காத்திருத்தல் பெருங்குற்றம் ஆகாது.

முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்கு அளிப்பது வேறு பொருள். அங்கே உடல் நீண்ட காலம் மருந்திட்டு வைக்கப்படும். ஆசிரியையாய் இருந்தவள் இறந்தபின்னும் ஒரு வகுப்புக்குப் பாடமாகலாம் என்னும் எண்ணம் என்னைக் கவர்கிறது. ஆயினும் விரைந்து எரியூட்டும் நெறியோடு அதனை எவ்வாறு பொருத்துவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. தெளிவில்லாத இடத்தில் தெளிந்தவள் போல எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒருமுறை எழுதிய விடைக்குக் கொடுத்த விலை போதும்.

பெறுபவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

நம் குடும்பங்களில் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி இது. 'என் சிறுநீரகத்தைப் பெற்றவர் புலால் உண்பவராயின், வேட்டையாடுபவராயின், அவர் செய்யும் இம்சையில் எனக்கும் பங்கு வாராதா?' செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூவகையாலும் வினை சேரும் எனக் கற்ற சமூகம் இவ்வாறு அஞ்சுவது இயல்பே.

இதற்கு விடையை நான் நூலில் தேடவில்லை. நெல்லிவாசல்நாட்டில் தங்கிய இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. நினைவு தப்பியது. ஊரார் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நால்வர் தோள்மாற்றி, வழுக்கும் பாறை வழியே பேருந்து நிற்கும் இடம் வரை என்னைச் சுமந்து சென்றார்கள். எட்டிப் பிடிக்க வேண்டிய வேலை நாள் அது அவர்களுக்கு. களை எடுக்கும் பருவம். 'இவள் பிழைத்து எழுந்து என்ன செய்வாள், நம் தெய்வத்தை வணங்குவாளா, நம்மோடு உண்பாளா' என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் தூக்கிச் சென்ற உடலைத்தான் இன்றும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். எனக்கெனத் தனிப்பானையில் சோறு வடித்த அம்மையாரும், 'உன் வழக்கம் எனக்கு உடன்பாடா?' என்று ஆராய்ந்த பின்னர் அடுப்பு மூட்டவில்லை.

தானத்தைப் பெறத் தக்கவரைப் பார்த்து அளிக்கும் பாத்திர தானம் ஒன்று; துன்புறுவோர் எவராயினும் இரங்கி அளிக்கும் கருணா தானம் மற்றொன்று. முன்னது துறவியர்க்கும் சான்றோர்க்கும் உரியது. பின்னதில் தகுதி ஆராய்ச்சி இல்லை, துன்பமே தகுதி. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று நால்வகைத் தானத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் நாம். கல்விக்கூடத்திற்குப் 'பள்ளி' என்னும் பெயரே சமணர் உறைவிடத்தால் வந்தது என்பதைப் பெருமையுடன் கூறுகிறோம். அப்பள்ளிகளில் பயின்றவர் அனைவரும் பின்னாளில் அறநெறி நின்றனரா என்று கேட்டு யாரும் கல்வி தானத்தை நிறுத்தவில்லை. இறக்கும் நிலையிலுள்ளவர்க்கு உறுப்பு அளித்தல் மருந்தும் ஆகும், அபயமும் ஆகும். நான் அளிப்பது வாழ்வு. அவர் அவ்வாழ்வைக் கொண்டு செய்வது அவர் வினை.

விலை பேசலாகாது

இதில் அஞ்ச வேண்டிய இம்சை ஒன்று உண்டு. அது விற்பனை. சட்டம் வருவதற்கு முன்பு சென்னையின் வில்லிவாக்கம், வறியோர் சிறுநீரகம் விற்கும் இடமாகச் செய்திகளில் பேசப்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. ஆயினும் 2025ஆம் ஆண்டிலும் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்து விசாரணை நடந்தது. உயிரோடிருக்கும் ஏழையின் கடனைப் பயன்படுத்தி அவன் உறுப்பை வாங்குவது, கத்தி இல்லாமலே செய்யும் இம்சை. இறந்தோர் உறுப்புகள் போதிய அளவில் கிடைத்தால் இக்கொடிய சந்தை சுருங்கும். ஆதலின் நாம் அளிக்காமல் இருப்பதும் முற்றிலும் தீங்கற்ற செயல் என்று கூறிவிட முடியவில்லை.

ஒரு தாய் தந்தையர்

நம் மாநிலத்தில் இவ்வறம் ஊன்றியது ஓர் இளைஞனின் சாவினால்தான். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவடைந்தான். பள்ளி மாணவன். பெற்றோர் இருவரும் அவன் உறுப்புகளை அளிக்க முன்வந்தனர். சென்னையில் காவலர் சாலையை ஒழித்துக் கொடுக்க, அவன் இதயம் நகரின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு விரைந்து சென்று ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. அதன்பின்னரே இச்சொல் வீட்டுக்கு வீடு பரவியது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புத் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அப்பெற்றோர் மருத்துவர்கள், ஆதலின் அவர்களுக்கு எளிது என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. மகனின் மார்பு ஏறி இறங்குவதை அவர்களும் பார்த்தார்கள். துடிப்பு எதனால் நிகழ்கிறது என்பதை அறிந்தும் பார்த்தார்கள். அறிவு அவர்கள் துயரத்தைக் குறைத்திராது. துயரத்தின் நடுவே சரியானதைக் காணும் வலிமையை அளித்தது. எனக்கும் அவ்வறிவு பாடநூலில் இருந்தது. நெஞ்சில் இல்லை.

எளிய வழி

மூளைச்சாவு பற்றித் தயங்குவோர்க்கும் கண்தானத்தில் தயக்கம் வேண்டியதில்லை. இதயமும் மூச்சும் முற்றிலும் நின்று, எவர் கணக்கிலும் சாவு நிகழ்ந்தபின் செய்வது அது. கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. அதனால்தான் இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரம் வரை அது கெடாமல் இருக்கிறது. ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். அது வரை இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரத்துணி வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்றே உயர்த்தி வைத்தல் நன்று. முதியோர், கண்ணாடி அணிந்தோர், நீரிழிவு உள்ளோர், கண்புரை அறுவை செய்துகொண்டோர் ஆகியோரும் அளிக்கலாம். இருவர்க்குப் பார்வை கிட்டக்கூடும். முகம் விகாரமாவதில்லை.

பன்னிரு சிந்தனைகளுள் உடல் வேறு, உயிர் வேறு என எண்ணும் அன்னியத்துவ சிந்தனையை நாம் அன்றாடம் ஓதுகிறோம். நோன்பு இருக்கிறோம்; சல்லேகனை ஏற்ற பெரியோரைப் போற்றுகிறோம். உடலைத் தம் உடைமை என்று எண்ணாதவர்கள் அவர்கள். வாழ்நாளெல்லாம் 'இது நான் அன்று, எனது அன்று' என ஓதியவர், இறந்தபின் மட்டும் 'இதில் கை வைக்காதீர்' என்று கூறுவது பொருந்துமா? நான் இறந்தபின் அளிப்பது தானமாகுமா, அளிக்கும் உயிர்தான் அங்கு இல்லையே என்றும் கேட்பர். வினை பாவத்தால் அமைவது. உயிரோடும் தெளிந்த அறிவோடும் இருக்கும்போது 'இதனை விட்டேன்' என்று நெஞ்சார எண்ணும் அக்கணமே தானம் நிகழ்ந்துவிடுகிறது. மற்றவை அதன் நிறைவேற்றம்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து மாறுதலாகி வந்த நாளில் பள்ளிப் பொருள்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பூகோள உருண்டை ஒன்று, மணி ஒன்று, கரும்பலகை இரண்டு, உடலுறுப்பு விளக்கப்படம் ஒன்று எனப் பட்டியலிட்டு, அடுத்து வந்த ஆசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்திட்டேன். அப்படத்தை ஆண்டுக்கணக்கில் என் கையால் மாட்டியும் சுருட்டியும் வைத்திருந்தேன். கிழிந்த ஓரத்தை என் புடவைத் துணியால் தைத்தும் இருந்தேன். ஆயினும் அது என்னுடையது என்று எடுத்து வரவில்லை. பள்ளியினுடையது, அடுத்து வரும் பிள்ளைகளுக்கு வேண்டியது.

கண்தானத்திற்கும், நேர்ந்தால் உறுப்புத் தானத்திற்கும் என் விருப்பத்தை எழுதி வைத்துவிட்டேன். என் மகன் இன்னும் முழுமனத்தோடு உடன்படவில்லை. "உன்னை அப்படிப் பார்க்க முடியாதம்மா" என்கிறான். அவனை நான் கடிந்துகொள்ள முடியாது. 2012இல் நானும் அவ்வாறே நின்றவள். எழுதி வைத்தது நானாயினும், அந்நேரத்தில் மருத்துவர் கேட்பது அவனைத்தான். ஆதலின் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எதிர்பாராமல் இக்கேள்வியை எதிர்கொள்வதினும், வீட்டுத் திண்ணையில் நலமாக இருக்கும்போதே பேசிக்கொள்வது நன்று. வாசக அன்பர்களையும் நான் வேண்டுவது இவ்வளவே. உடன்படினும் மறுப்பினும் ஆராய்ந்தபின் செய்யுங்கள்.

அச்சிறுமிக்கு இன்று ஐம்பதைக் கடந்த வயது இருக்கும். எங்கிருக்கிறாள் என்று அறியேன். மீண்டும் அவ்வகுப்பில் நிற்க வாய்த்தால், குச்சியைக் கீழே வைத்துவிட்டு இவ்வாறு கூறுவேன்: "அம்மா, நீ கேட்டது இப்படத்தில் இல்லை. இவை எல்லாம் அது தங்கியிருக்கும் வீட்டின் பொருள்கள். அது போகும்போது எதையும் எடுத்துச் செல்வதில்லை. ஆதலின் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்."